பொது ஃபோல்டரில் விழுந்த குரல்

அன்று எனக்கு ஜலதோஷம். தும்மும்போது மனிதனுக்குக் கண் மூடிக்கொள்ளும், கை தன்னிஷ்டத்துக்கு ஓடும் என்பது உங்களுக்கும் தெரியும், கேப்டன். என் கை மவுஸின் மேல் இருந்தது. கீழ் வீட்டு அம்மா சொனுன்பு அபாவின் ஃபோல்டருக்குள் போகவேண்டிய ஒரு குரல் செய்தி, பக்கத்தில் இருந்த பொது ஃபோல்டருக்குள் விழுந்துவிட்டது. இந்த விஷயத்தில் நான் தவறிச் செய்தது என்று பார்த்தால் அந்தத் தும்மல் ஒன்றுதான். மற்றதெல்லாம் நிதானமாக யோசித்துச் செய்தவை.

என் பெயர் எர்மெக். பிள்ளைக்குப் ‘பொழுதுபோக்கு’ என்று அர்த்தம் வரும் பெயரை வைத்தவர் என் அப்பா. அதற்குமேல் அவரைப் பற்றிச் சொல்ல எதுவும் இல்லை. இந்த நாரின் ஊரில் எங்கள் நான்கு மாடிக் கட்டடத்துக்கு இன்டர்நெட் கம்பி ஒன்றே ஒன்றுதான் வந்தது. அது என் வீட்டுக்குள் நுழைந்து என் கம்ப்யூட்டரில் முடிகிறது. அங்கிருந்து நான் மொத்தப் படிக்கட்டுக்கும், அதாவது எல்லா வீடுகளுக்கும், பகிர்ந்து கொடுக்கிறேன். மலை இடுக்கு என்பதால் கைபேசி சிக்னல் வந்தால் விருந்தாளி, வராவிட்டால் வழக்கம். பனிக்காலத்தில் ரஷ்யாவில் இருக்கும் பிள்ளையின் முகத்தை எந்தத் தாய் பார்க்கவேண்டுமென்றாலும் அந்த முகம் முதலில் என் மேசை வழியாகத்தான் போகவேண்டும்.

இதற்காக எனக்குக் கிடைத்த மரியாதை என்ன என்று கேளுங்கள். படிக்கட்டில் என் பெயர் வைஃபை. “வைஃபை வீட்ல இருக்காரா?” “வைஃபைக்கு உடம்பு சரியில்லையாம்.” கல்யாணத்துக்கு ஆட்டை வெட்டிக் கடைசி மாடிவரை பங்கு அனுப்புவார்கள், என் கதவைத் தாண்டும்போது மட்டும் தட்டு சாய்ந்து, என் பங்குக்கு எலும்பு விழும். பள்ளிக்கூடத்தில் நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்த பிள்ளைகளின் பெற்றோர்தான் இவர்கள். கடவுச்சொல் வைக்கச் சொன்னால் தங்கள் குதிரையின் பெயரை வைப்பார்கள், குதிரை செத்தால் மாற்றித் தரச்சொல்லி வருவார்கள். பொது ஃபோல்டர் என்று ஒன்றைத் திறந்து கொடுத்தேன். அதில் புதிதாக எது விழுந்தாலும் உப்புக்கட்டியைக் கண்ட ஆடுகள்போல மொத்தப் படிக்கட்டும் வந்து நக்கும். யாருடையது, எதற்கு என்று கேட்கிற வழக்கம் கிடையாது.

சொனுன்பு அபா என் வீட்டுக்கு நேர் கீழே. மகன் குபாத்துக்கு ரஷ்யாவில், யெகாதெரின்பர்கில் கட்டட வேலை. அவன் வாங்கிக் கொடுத்த பழைய டேப்லெட்டில் இடம் போதாது. அதனால் அவளுக்கு வரும் செய்திகள் என் கம்ப்யூட்டரிலும் திறக்கும்படி செய்து, குரல்களை, அவை டேப்லெட்டில் இறங்காததால், அவள் ஃபோல்டரில் போட்டுவைப்பேன். அவளுக்குப் பிடித்ததைத் திரும்பத் திரும்பக் கேட்பாள். தரை வழியாக எனக்கும் கேட்கும். அவள் நல்ல பெண்மணிதான். அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது. இதை நீங்கள் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளவேண்டும்.

தும்மலில் விழுந்த செய்தி இதுதான். குபாத்தோடு வேலை செய்யும் அஸ்ரெத் என்ற பையன் அனுப்பியது. தெற்கத்திக்காரன், நம் பக்கம் வந்தவனில்லை, அபாவைத் தவிர இங்கே யாரையும் தெரியாது.

“அபா, நான் அஸ்ரெத். மனசைத் திடமா வச்சுக்குங்க. நம்ம குபாத் மேலேருந்து இறங்கிட்டான். நாங்க நாலு பேரும் தோள்ல தூக்கிட்டுப் போனோம். இப்ப வலி எதுவும் தெரியாம தூங்கறான். பக்கத்துல பெரியவங்க யாரையாவது வச்சுக்குங்க அபா.”

உங்கள் முகமே சொல்கிறது, கேப்டன். நீங்களும் அப்படித்தான் புரிந்துகொண்டீர்கள். நாம் சாவை யாருக்கும் நேராகச் சொல்வதில்லை. பெரியவர்கள் கூடிப் போய், கழுகு என்றும் மலை என்றும் எதையெதையோ பேசி, கடைசியில் காதில் போடுவார்கள். அதுவரை பெற்றவளுக்குத் தெரியக்கூடாது. வளைத்துப் பேசினாலே நமக்குச் சாவுதான். பாவம் அந்தப் பையன், ஒரு தாயைப் பயமுறுத்தக்கூடாது என்று மென்மையாகப் பேசிப்பார்த்தான். சாரத்திலிருந்து விழுந்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஊசி போட்டுத் தூங்கவைத்திருந்தார்கள். அவன் சொன்னது அவ்வளவுதான்.

நான் மூக்கைத் துடைத்து முடிப்பதற்குள் ஆறேழு வீட்டில் அந்தச் செய்தி ஓடிவிட்டது. முதல் மாடி கோச்கோர்பாய் கிழவர் தலையிலிருந்த கல்பாக் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டுக்கு ஏறி வந்தார். பின்னால் அவர் மனைவி புருல், இன்னும் நாலு பேர். என் வீட்டுக்குள் அத்தனை பேர் ஒரே நேரத்தில் வந்தது அதுவே முதல் தடவை.

“சொனுன்பு டேப்லெட்டுக்கு மட்டும் நெட்டை நிறுத்து தம்பி,” என்றார். “சொந்தக்காரங்க கணவாய்க்கு அந்தப் பக்கத்திலேருந்து வரணும். நாளைக்குப் பெரியவங்க எல்லாரும் சேர்ந்து சொல்லிக்கறோம். முதல்ல தாய் காதைக் காக்கணும். மத்ததெல்லாம் அப்புறம்.”

“அந்தப் பையன்கிட்ட ஒரு வார்த்தை சரியா கேட்டுப் பாக்கலாமே அக்சகால்,” என்று பெரியவருக்குரிய மரியாதையோடே சொன்னேன். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் சொன்னேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பொணத்துக்குப் பக்கத்துல நிக்கறவன்கிட்ட போய், பொணந்தானான்னு கேக்கறதா? உனக்குக் கம்பி தெரியும். நீ கம்பியைப் பாரு.”

“விடுங்க,” என்றாள் புருல். “மிஷினோட குடித்தனம் பண்றவருக்கு மனுஷ பாஷை எங்கேருந்து வரும்?”

துக்கத்தில் இருப்பவர்கள் சிரிக்கமாட்டார்கள் என்று நினைத்திருந்தேன். மெதுவாகச் சிரித்தார்கள். பட்டியலில் அபாவின் டேப்லெட்டைத் தேடி, நிறுத்தினேன். ஒரு சொடுக்குதான். கீழே அவள் அறையில் பாதியில் இருந்த ஏதோ பாட்டு நின்றது. கொஞ்ச நேரத்தில் குழாயில் கரண்டியால் தட்டினாள். நெட் போனால் எனக்குச் சொல்ல அவள் கண்டுபிடித்த வழி அது. நான் பதிலுக்கு இரண்டு தட்டு தட்டினேன். பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

மதியம் இரண்டாவது செய்தி வந்தது.

“அபா, ஏன் கூப்பிட்டா எடுக்க மாட்டேங்கறீங்க? குபாத் முழிச்சிட்டான். நாளைக்குக் காலைல ஆபரேஷன். வயித்துக்குள்ள அடியாம். அதுக்கு முன்னாடி அம்மாகிட்ட பேசணும் பேசணும்னு ஒரே பிடிவாதம்.”

பின்னாலேயே குபாத்தின் குரல். காற்று அதிகம், சத்தம் குறைவு. “அம்மா, என்ன, கோவமா? ஃபோனை எடு.”

நான் உடனே எழுந்து கீழே போனேன். சொல்லத்தான் போனேன். அவள் ஜன்னலுக்குத் தெரியாத பக்கமாகப் பார்த்துக் கட்டடத்துக்குப் பின்னால் துக்கக் கூடாரம் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். எண்ணெய்ச் சட்டியில் பூர்சோக் மாவுத்துண்டுகள் பொரிகின்றன. கோச்கோர்பாய் மூன்று கிழவர்களை எதிரே உட்காரவைத்து நாளைய பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். “தங்கச் சிறகு விரிச்ச கழுகொன்னு...” என்று ஆரம்பித்து, விரிச்சவா, முறிஞ்சவா என்று அவர்களுக்குள் தகராறு. உயிரோடு இருக்கும் ஒருவனுக்காக நான்கு பேர் சிறகைப் பற்றிச் சண்டை போடுவதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

“அக்சகால், ஒரு விஷயம்,” என்றேன்.

“வந்துட்டியா? நல்லது. சும்மா நிக்காத,” என்று ஒரு மூட்டை வெங்காயத்தைக் காட்டினார்.

நான் உட்கார்ந்து உரித்தேன். கண்ணீர் வந்தது. புருல் என்னைப் பார்த்து, “பரவாயில்ல, இவருக்கும் உள்ள ஏதோ இருக்கு,” என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னாள். அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. முடிவு செய்தேன் என்று சொல்லமாட்டேன். ஒரு காட்சி கண்ணில் வந்து நின்றது, அதை விலக்க மனம் வரவில்லை. நாளைக்குக் கிழவர் கழுகை முடிக்கிறார். பெண்கள் ஒப்பாரிக்கு வாய் திறக்கிறார்கள். நான் பின்வரிசையிலிருந்து எழுந்து, ஃபோனை உயர்த்தி, குபாத்தின் குரலைப் போடுகிறேன். அம்மா, என்ன, கோவமா. அபா சிரிக்கிறாள், அழுகிறாள், என் கையைப் பிடித்துக்கொள்கிறாள். கோச்கோர்பாய் கல்பாக்கை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்கிறார். அவ்வளவுதான் எனக்கு வேண்டியிருந்தது. ஒருவருக்கும் நஷ்டமில்லை, முட்டாள்களைத் தவிர.

பையன் உயிரோடுதானே இருந்தான், கேப்டன். அடிபட்டவர்களுக்கு ஆபரேஷன் செய்வது உலக வழக்கம். நான் டாக்டரா?

அன்று மாலைவரை அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு அழைப்பும் என் திரையில் வந்து, அபாவுக்குப் போக வழியில்லாமல், அணைந்தது. நான் எதையும் அழிக்கவில்லை. குரல்களைத் தனி ஃபோல்டரில், நேரம் போட்டு, வரிசையாக வைத்தேன். பொறுப்பில்லாதவன் இதைச் செய்வானா? இதற்கிடையில் கீழே அவள் இன்னொரு முறை குழாயைத் தட்டினாள். நான் இரண்டு தட்டு தட்டினேன்.

உங்கள் மேசையில் கிடக்கும் குபாத்தின் கீறல் விழுந்த ஃபோனில் நீங்கள் ஏற்கெனவே படித்திருப்பீர்கள்; ஆகவே அதையும் நானே சொல்லிவிடுகிறேன். இருட்டுவதற்கு முன் அவன் எனக்கே எழுதினான். சின்னப் பையனாக இருக்கும்போது என்னிடம் படித்தவன், அண்ணன் என்ற அர்த்தத்தில் பைகே என்றுதான் கூப்பிடுவான். “எர்மெக் பைகே, அம்மா லைன்ல இல்ல. பயமா இருக்கு. கொஞ்சம் கீழ போய்ப் பாருங்களேன்.” பயம் அம்மாவைப் பற்றியா, தன்னைப் பற்றியா என்று அவன் எழுதவில்லை.

நான் பதில் போட்டேன். “லைன் பழுது. சரி செய்துகொண்டிருக்கிறேன். அம்மா நன்றாக இருக்கிறார். நாளைக்குப் பேசலாம்.”

அம்மாவைப் பற்றிச் சொன்னது உண்மை. அவள் நன்றாகத்தான் இருந்தாள். பையனும் கும்பிட்டபடி இருக்கும் கைப்படம் ஒன்றை அனுப்பினான்.

மறுநாள் சொந்தக்காரர்கள் கணவாயில் பனியில் மாட்டிக்கொண்டு தாமதமாக வந்தார்கள். எனக்கு அவசரமில்லை. அபா வீட்டில் அத்தனை பேரும் உட்கார இடமில்லாமல் உட்கார்ந்தோம். அவள், என்ன எல்லாரும் ஒண்ணா வந்திருக்கீங்க, தேநீர் பத்தாதே என்று எழுந்து எழுந்து ஓடினாள். நான்கூட அவளிடம், “லைன் இன்னைக்கு வந்துடும் அபா,” என்றேன். கோச்கோர்பாய் தொண்டையைச் செருமிக்கொண்டு கழுகைப் பறக்கவிட்டார். அது மலையைத் தாண்டியது, சிறகை முறித்துக்கொண்டது. சட்டைப்பையில் என் ஃபோன் அதிர்ந்தது. இதுதான் நேரம் என்று எழுந்து நின்று அதை எடுத்தேன்.

அஸ்ரெத்திடமிருந்து, குபாத்தின் ஃபோன் வழியாக. இந்தத் தடவை அந்தப் பையன் வளைத்துப் பேசவில்லை. இரண்டே வார்த்தை எழுதியிருந்தான். குபாத் செத்துட்டான்.

கிழவர் பேச்சை முடித்தார். அவர் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆரம்பிக்கும்போது என்னவோ, முடிக்கும்போது எல்லாம் மெய்யாகிவிட்டிருந்தது. அவர் வாழ்நாளில் அவ்வளவு சரியாக எதையும் சொன்னதில்லை. அபா கையிலிருந்த கிண்ணத்தை மெதுவாகத் தரையில் வைத்தாள். பெண்கள் ஆரம்பித்தார்கள். நான் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டேன். எழுந்து நின்றிருந்ததால், மரியாதைக்கு நிற்கிறேன் என்று நினைத்து ஆண்கள் எல்லோரும் எழுந்தார்கள்.

பிறகு சவப்பெட்டியோடு குபாத்தின் ஃபோனும் வந்தது. அவனுடைய சித்தப்பா மகன் திறந்து பார்த்தான். மற்றது உங்களுக்குத் தெரியும். சட்டத்தின் எந்தப் பிரிவில் எழுதுவது என்று நீங்கள் யோசிப்பது தெரிகிறது. எனக்கும் ஆர்வமாகத்தான் இருக்கிறது. ஒரு சொடுக்கில் நெட்டை நிறுத்துவது குற்றமா? பெரியவர் சொல்லித்தானே செய்தேன்? அதே கிழவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், தும்மல், கழுகு, விதி என்று ஒரு மணி நேரம் பேசுவார். நானும் எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்டுப்பார்த்தேன். நான் திறந்துவிட்டிருந்தால் பையன் பிழைத்திருப்பானா? கோச்கோர்பாய் வானத்தைப் பார்த்தார். புருல் செருப்பைத் தேடினாள். மசூதியில் கேட்டால், எழுதியிருந்தது நடந்தது என்றார்கள். இந்த ஊரில் ஒருவனுக்கும் நேராகப் பேச வராது என்பதைத்தானே நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இங்கே வருவதற்கு முன் இன்று காலை அபா வீட்டுக்குப் போனேன். குரல்களை ஒரு பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு போயிருந்தேன். வெறுங்கையோடு போகக்கூடாது, பாருங்கள். அவள் கதவைத் திறந்தாள். கத்தவில்லை. உள்ளே வரச் சொல்லி, ரொட்டியைப் பிய்த்து என் பக்கம் வைத்தாள். எனக்கு அது தைரியம் கொடுத்தது.

“எதையும் அழிக்கல அபா. அவன் குரல் எல்லாத்தையும் பத்திரமா வச்சிருக்கேன்,” என்று பென்டிரைவை நீட்டினேன்.

“அவன் ஃபோன்லயே இருக்கு,” என்றாள். “கேட்டுட்டேன்.”

நீட்டிய கையை எப்படி மடக்குவது என்று யோசித்துக்கொண்டே, கேட்கவேண்டியதைக் கேட்டேன். எனக்குப் பதில் தெரியும். வயிற்றுக்குள் அவ்வளவு அடி என்றால் யாருக்கும் தெரியும். அவள் வாயால் வந்தால் போதும் என்றிருந்தது.

“நான் லைனைத் திறந்துவிட்டிருந்தா அவன் பொழைச்சிருப்பானா அபா?”

அவள் வானத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

“இல்ல எர்மெக். பொழைச்சிருக்க மாட்டான். டாக்டர்கிட்ட கேட்டேன்.”

எனக்கு மூச்சு லேசாக வந்தது. நன்றி என்றுகூடச் சொன்னேன் என்று நினைக்கிறேன். ரொட்டியை எடுத்தேன்.

“என்கிட்ட பேசியிருப்பான்,” என்றாள்.