பதிவு மேசையில் கேட்ட விலாசம்

என் மேசை முன்னால் கூட்டம் சேர்ந்தால் எனக்குப் பிடிக்காது, ஐயா. சீட்டு எழுதுவது லேசான வேலை இல்லை. திருவண்ணாமலையில் எங்கள் ஆஸ்பத்திரி திறந்த எண்பத்தொன்பதிலிருந்து பத்து வருஷமாக நான்தான் எழுதுகிறேன். பெயர், வயது, புருஷன் பெயர், விலாசம், உடம்புக்கு என்ன. டாக்டரம்மாவிடம் போவதற்கு முன் யாரானாலும் இந்த ராஜமாணிக்கத்திடம் சொல்லியாக வேண்டும்.

அந்தப் பெண் செவ்வாய்க்கிழமை காலையில் வந்தாள். இடது கையை முந்தானையில் மூடியிருந்தாள். பெயர் தங்கம்மாள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷம் முன்பு கீழ்பென்னாத்தூரிலிருந்து புருஷன் குமரேசனோடு காய்ச்சலுக்கு வந்தவள் அவள். அப்போது அருணாதேவி என்று நானே எழுதியிருக்கிறேன்.

"என்னம்மா உடம்புக்கு? சத்தமா சொல்லு," என்றேன். பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

அவள் மேசை மேல் குனிந்தாள். "கரண்டியக் காயவச்சி இழுத்துட்டாரு சார்."

"யாரு, குமரேசனா? நீ அருணாதேவிதானே?"

அவள் முகம் செத்துப்போனது. "உங்க கால்ல விழறேன் சார். யார் வந்து கேட்டாலும் நான் வரலைனு சொல்லிடுங்க. எடம் தெரிஞ்சா என்னைக் கொன்னுடுவாரு."

"நான் ஏம்மா சொல்லப்போறேன்? ஆனா விலாசம் சரியா இருந்தாத்தான் டாக்டரம்மா பார்ப்பாங்க."

அப்படி ஒரு விதி கிடையாது. வலி பொறுக்காமல் அவள் சொல்லிவிட்டாள். அடி அண்ணாமலையில், பூக்கடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. தோழி ஜோதியம்மாளுடையது. ஜோதியம்மாள் ஞாயிறும் லீவு இல்லாமல் காலையில் வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவாள். நான் கேட்கக் கேட்கச் சொன்னாள், எழுதிக்கொண்டேன்.

என் முகத்துக்கு நேராகவே பொய்ப் பெயர் சொல்கிறாள், ஐயா. எனக்கு வயிறு எரிந்தது. ஒரு குடும்பம் பிரிந்து கிடப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதும் பாவம்தானே. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், கீழ்பென்னாத்தூர் பஸ் கண்டக்டர் வேணுவிடம், குமரேசனை வந்து என்னைப் பார்க்கச் சொல்லப்பா என்று சொல்லியனுப்பினேன். எங்கள் பக்கம் சீமந்தமோ சாவோ, சேதி கண்டக்டர் வழியாகத்தான் போகும். புதுசாக நான் ஒன்றும் செய்துவிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவர் வந்தார். பாவம், தாடியும் கசங்கின சட்டையுமாக நின்றார்.

"சோறு எறங்கலை சார். கூட்டிட்டுப் போயிடறேன்," என்றார். கண் கலங்கியிருந்தது.

விலாசம் சொன்னேன். ஜோதியம்மாள் வீட்டில் இருக்கமாட்டாள் என்பதையும் சொன்னேன். சொல்வதைத் தெளிவாகச் சொல்வது என் பழக்கம்.

அன்றைக்கே மூன்று மணிக்கு அவளை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். உடம்பு முழுக்கத் தீக்காயம். டாக்டரம்மா அழுதுகொண்டே பார்த்தார். நானும்தான் அழுதேன். இந்த முறை சீட்டில் அருணாதேவி என்றே எழுதினேன். பொழுது சாய்வதற்குள் போய்விட்டாள்.

அவர் செய்த காரியத்துக்கு நான் எப்படிப் பொறுப்பு, சொல்லுங்கள். நான் இரண்டு பேரையும் சேர்த்துவைக்கத்தான் பார்த்தேன்.

என்னைப் பார்க்க வந்தபோது அவர் கையில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். ஒரு மஞ்சள் பை. உள்ளே கேன் இருந்தது. மண்ணெண்ணெய் வாசனை அடித்தது. ரேஷன் வாங்கிக்கொண்டு வருகிறார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு ரேஷன் கடை லீவு. அது எனக்கும் தெரியும், ஐயா.