நின்னாச்சு

எனக்கு டீ ஆறும்வரை காத்திருக்கத் தெரியாது. நாக்கைச் சுட்டுக்கொண்ட பிறகுதான் ஊதுவேன். “எப்பப் பாரு, கால்ல சுடுதண்ணிய ஊத்திக்கிட்டே நிக்கிறீங்க” என்பாள் என் மனைவி. ஆபரேஷன் தியேட்டரில் எனக்குக் கத்தி எடுத்துக் கொடுத்த நர்சும் அவள்தான்.

விசாரிக்கும் உங்களுக்குத் தொழில் விவரம் கொஞ்சம் தெரிய வேண்டும். வென்டிலேட்டரில் கிடக்கும் தொற்று நோயாளிக்குக் கழுத்தில் துளை போட்டு, மூச்சுக்குழாய்க்குள் டியூப் வைப்பது என் வேலை. துளை போடும்போது மெஷின் ஓடிக்கொண்டிருந்தால் கிருமி மொத்தமும் எங்கள் முகத்தில் அடிக்கும். அதனால் நான் “நிறுத்து” என்பேன். மயக்க டாக்டர் மெஷினை நிறுத்திவிட்டு “நின்னாச்சு” என்பார். அதற்குப் பிறகுதான் கத்தி இறங்க வேண்டும்.

ஒரு நாள் மெஷின் நிற்கவில்லை. சளியும் ரத்தமும் பீய்ச்சி அடித்தன. என் மனைவியின் மாஸ்க் ஒரு பக்கம் விலகியிருந்தது. நோய் தொற்றி மூச்சு முட்டிக் கிடந்தபோது, “கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதாங்க?” என்று என்னிடம் கேட்டாள். காய்ச்சலில் உளறுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். பதினெட்டாம் நாள் அவளைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினார்கள். எனக்குத் தாங்கவில்லை. மயக்க டாக்டர் நிறுத்தத் தவறினார் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் மறுத்துப் பேச வழியில்லை, அவரும் வென்டிலேட்டரில் கிடந்தார்.

அடுத்த வாரம் அவரையே என் டேபிளில் கிடத்தினார்கள். நுரையீரல் தேறி வருகிறது, டியூப் வைத்துவிட்டால் சீக்கிரம் கண் விழிப்பார், பேசுவார் என்றார்கள்.

“நிறுத்து” என்றேன்.

“நின்னாச்சு சார்” என்றார் புதிதாக வந்த மயக்க டாக்டரம்மா.

அன்று நிதானமாகக் காத்திருந்துதான் வெட்டினேன். டியூபைத் துளைக்குள் விடாமல் மூச்சுக்குழாய்க்கு முன்னால் இருந்த சதைக்குள் செருகினேன். மெஷினை ஓட்டச் சொன்னேன். காற்று தோலுக்கடியில் ஏறியது. கழுத்து உப்பியது, கன்னம் உப்பியது, இமைகள் புடைத்தன. தொட்டால் நறநறத்தது. வெட்டிய இடத்தில் ரத்தம் நுரைத்துக்கொண்டே இருந்தது.

“சார், நெஞ்சு ஏறலையே. டியூப் உள்ளதானே இருக்கு?”

“உள்ளதாம்மா இருக்கு. பதறாம ஓட்டுங்க.”

பாவம், நம்பினார். டியூபைப் பிடித்த கையை நான் எடுக்கவில்லை. இன்னொரு கையின் விரலுக்கடியில் கழுத்து நாடி தாறுமாறாகத் துடித்து, ஆறாவது நிமிடம் அடங்கியது. “நின்னாச்சு” என்றேன். யாருக்கும் புரியவில்லை.

அந்த அம்மா மேல் எந்தத் தப்பும் இல்லை, விட்டுவிடுங்கள். என் மனைவியைக் கொன்றவரை நான் கொன்றேன், அவ்வளவுதான்.

முதல் சம்பவத்தன்று அங்கே யார் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள். நினைவில்லாத நோயாளியைத் தவிர நாங்கள் மூன்று பேர். “இருங்க சார், இன்னும் நிக்கல” என்று அவர் சொன்னார். அதற்குள் என் கை இறங்கிவிட்டது. அவர் சொன்னதைக் கேட்டவர்களில் இப்போது மிச்சம் நான் ஒருவன்தான்.