டிரைவரைக் கேட்கச் சொன்ன கூட்டம்

"டிரைவரக் கேக்கணும்னு சொல்றதுக்கு வெளிநாட்டுலேர்ந்தா ஆள் வரணும்?"

ஒக்கலிபுரத்தில் சார்ஜ் ஏற்றும் இடத்தில், என் ஸ்கூட்டருக்கு முன்னால் இரண்டு மின்சார ஆட்டோக்கள் காத்திருந்தன. கேட்டவர் முதல் ஆட்டோக்காரர். அடுத்த வண்டிக்காரர் டீயோடு இறங்கி வந்தார்.

"யார்ப்பா சொன்னது?"

"நேத்து ஸ்டார் ஓட்டல்ல மீட்டிங்குண்ணா. எலக்ட்ரிக் வண்டிக்கு நாடு முழுக்க பாலிசி போடறாங்களாம். வெளிநாட்டுக்காரங்க அவங்க ஊர்ல எப்படிச் செஞ்சாங்கன்னு சொல்ல வந்திருந்தாங்க. ஸ்டாண்டுலேர்ந்து என்னையும் கூட்டினு போனாங்க."

"நீ என்ன பேசின?"

"எங்க பேச விட்டாங்க? ஆட்டோவ வாசல்ல நிறுத்தச் சொல்லி, ஆளாளுக்கு ஏறி குந்தி போட்டோ எடுத்துக்கினாங்க. என்னக் கடைசி வரிசைல குந்த வெச்சாங்க. ஒரு வெள்ளக்காரம்மா சொல்லுது, 'நாங்க மொதல்ல டிரைவருங்களக் கேட்டோம், அப்புறம்தான் சார்ஜர் எங்க வைக்கிறதுன்னு முடிவு பண்ணோம்'னு. அந்தளவு இங்கிலீஷ் எனக்கும் புரியும். நம்ம ஆபீசருங்க கை தட்றாங்க, நோட்டுல எழுதிக்கிறாங்க."

"எழுதிட்டு?"

"சாப்புடப் போயிட்டாங்க! காக்கிச் சட்டயோட ஒருத்தன் பின்னாடியே குந்தினுகீறேன், ஒருத்தராச்சும் திரும்பணுமே?"

அவர் முறை வந்தது. வண்டியில் ஏறியவர், டேஷ்போர்டிலிருந்து ஒரு கெட்டி அட்டையை எடுத்து நீட்டினார்.

"போம்போது சர்டிபிகேட் வேற. மதிப்புமிக்க கருத்துகளைச் சொன்னதுக்கு நன்றியாம். அங்க நான் வாயத் தொறந்தது தண்ணி குடிக்கத்தாண்ணா!"