நாற்பத்திரண்டு கிலோ

எனக்கு வலது தோள் மழைக்கு முந்தின நாளே நோகத் தொடங்கிவிடும். அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை மட்டும் மூட்டை சுமந்ததால் வந்த நோவு என்று ஊரில் நினைக்கிறார்கள். அது இல்லை. இருபத்திரண்டு வருசமாக நிந்தவூரில் ஒரு மில்லில் நெல் மூட்டை தூக்குகிறேன். லொறியிலிருந்து களஞ்சியத்துக்கு, களஞ்சியத்திலிருந்து லொறிக்கு. தோள் அதற்குத்தான் தேய்ந்தது.

ஸப்ரி சேர், நாளைக்கு ஆஸ்பத்திரியில் புது மெசின் திறக்கும்போது என்னை ரெண்டு வார்த்தை கதைக்கச் சொல்லியிருக்கிறீர்கள். மெசினுக்குக் காசு சேர்த்த நடைக் குழுவுக்கு நீங்கள்தான் செயலாளர், நீங்கள் சொன்னால் மறுக்க ஏலாது. வாப்பாவைப் பற்றிக் கதை, சனம் கேட்கட்டும் என்றீர்கள். எனக்கு மேடையில் கதைத்துப் பழக்கமில்லை. அதனால் முதலில் உங்களிடம் சொல்லிவிடுகிறேன். முடியுமட்டும் கேளுங்கள், நீளமில்லை.

என் வாப்பா ஸைனுலாப்தீன் கரைவலை இழுத்தவர். எங்கள் ஊர் வழக்கப்படி, மகள் இருந்திருந்தால் மகளோடு இருந்திருப்பார். இல்லாததால் உம்மா மௌத்தான பிறகு என் பெண்சாதி பஸ்மிலாவின் சீதன வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து விருந்தாளி மாதிரித்தான் இருந்தார். தண்ணி கேட்கவும் கூச்சம். பிறகு சிறுநீரகம் இரண்டும் பழுதாகி, தண்ணி கேட்கவே கூடாது என்று ஆகிவிட்டது.

ஒரு நாளைக்கு அரை லீற்றர்தான். பஸ்மிலா ஒரு போத்தலில் கோடு போட்டு வைத்திருந்தாள். சனியும் செவ்வாயும் ஆஸ்பத்திரியில் மெசினில் போட்டு இரத்தத்தைச் சுத்தம் செய்வார்கள், நாலு மணித்தியாலம். எங்கள் ஒழுங்கை மணல், ஓட்டோ உள்ளே வராது. வாசலிலிருந்து றோட்டு மட்டும் அவரை முதுகில் ஏற்றிக்கொண்டு போவேன். அவருடைய தாடை என் வலது தோளில் கிடக்கும். அந்தப் பக்கம்தான் வாய் இருப்பதால் கதையும் அந்தக் காதுக்கே விழும். மகனை 'மன' என்றுதான் கூப்பிடுவார்.

"மில்லுக்காரன்ட மூட்டையெண்டா உனக்குக் கூலி வரும் மன. இந்த மூட்டைக்கு ஆரு தாற?"

ஒவ்வொரு சனியும் செவ்வாயும் இதைத்தான் சொல்வார். முதல் வருசம் நான் சிரித்தேன்.

மெசின் வார்டில் கனகரெத்தினம் என்று ஒரு தாதி உத்தியோகத்தர், காரைதீவு ஆள். முதல் நாளே என்னை வெளியே கூப்பிட்டுச் சாப்பாட்டு விசயமெல்லாம் சொன்னார். கடைசியில் இளநீருக்கு வந்தார்.

"வாழைப்பழம் திண்டா ஏசுவன். உப்புக் கூடினா ஏசுவன். இளநீர் குடிச்சா ஏச மாட்டன், முஸ்தாக். ஏசுறதுக்கு ஆள் இருக்காது."

அதிலுள்ள ஒரு சத்து இவர்களுக்கு வெளியே போகாதாம், நெஞ்சைப் போய் நிப்பாட்டுமாம். எனக்கு விளங்கியது. விளங்கவில்லை என்று நான் எங்கேயும் சொல்லப்போவதில்லை.

வாப்பா படுத்திருந்த அறையின் ஜன்னலுக்கு நேரே ஒரு செவ்விளநீர் மரம் நிற்கிறது. இரண்டு வருசம் அதைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். வெட்டிவிடுவோமா என்று பஸ்மிலா ஒரு முறை கேட்டதற்கு, வேண்டாம், மரம் என்ன செய்தது என்று சொல்லிவிட்டார்.

அது பெரும்போக வெட்டுக் காலம். அந்தத் திங்கட்கிழமை பதினாலு லொறி வந்தது. காலை ஏழு மணியிலிருந்து இரவு இசாத் தொழுகை மட்டும் ஆறு பேர் தூக்கினோம். செவ்வாய் விடிய நான் பாயைவிட்டு எழும்பும்போது வாப்பா ஆயத்தமாகிவிட்டார். சுத்தமான சாரன், தொப்பி, மடியில் கிளினிக் கொப்பி. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருந்தார். இரண்டு வருசத்தில் ஒரு நாள்கூட அவர் பிந்தியதில்லை.

இருநூறு தடவைக்கு மேல் அவரைத் தூக்கியிருக்கிறேன். ஒரு தடவை விட்டால் என்ன என்று யோசித்ததாகச் சொன்னால் அது பொய். ஒன்றும் யோசிக்கவில்லை. வாய் தானாகச் சொன்னது.

"மெசின் பழுதாம் வாப்பா. வரவேணாமெண்டு போன் வந்த."

அவர் என்னைப் பார்த்தார்.

"அப்ப நீ படு மன. ராவெல்லாம் முனகின நீ. மேலெல்லாம் நோகிற போல."

கொப்பியைத் தலையணைக்குக் கீழே வைத்தார். தொப்பியைக் கழற்றவில்லை.

நான் மறுகா படுத்தேன். பத்து மணிபோல ஆஸ்பத்திரி நம்பரிலிருந்து இரண்டு தரம் போன் அடித்தது. நிப்பாட்டி வைத்தேன். பஸ்மிலா தங்கச்சியின் பிள்ளைப்பேற்றுக்குச் சாய்ந்தமருதுக்குப் போயிருந்தாள். வீட்டில் நானும் வாப்பாவும்தான்.

நான் லுஹர் தொழுதுவிட்டு வந்தபோது வாப்பா கேட்டார். "ஒரு மிடறு இளநி கிடைக்குமா மன? நாக்கு காஞ்ச தோல் மாதிரிக் கிடக்கு." முன்னமும் கேட்டிருக்கிறார், பகிடியாக. நான் ஏலாது என்பேன், அவர் சரி என்பார். அன்றைக்கு நான் கத்தியை எடுத்துக்கொண்டு வளவுக்கு இறங்கினேன்.

குடிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். அல்ஹம்துலில்லாஹ் என்றார். அந்த முகத்தை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். நல்ல மீன் பட்ட நாளில், வலையைக் கரைக்கு ஏற்றிவிட்டு மணலில் குந்தும்போது அப்படித்தான் இருக்கும். தாகத்தோடு இருந்த மனிசனுக்கு மகன் கொடுத்தான். இதை இரக்கம் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன்.

புதன் காலை பத்து மணிபோல நெஞ்சைத் தடவிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். அன்றைக்கும் மில்லுக்குப் போகவில்லை. ஓட்டோவுக்கு ஆள் அனுப்பவில்லை. கலிமாச் சொல்லிக்கொடுத்தேன், சொன்னார். கண்ணை மூடிவிட்டேன், தாடையைக் கட்டினேன். மகன் செய்யவேண்டியதை ஒன்றும் குறைக்கவில்லை.

அன்றைக்கே அஸர் தொழுகைக்குப் பிறகு ஜனாஸா. தொழுகைக்கு முன்னம் மூத்த மகன் எழும்பிச் சொல்கிற வழக்கப்படி நானும் பள்ளிவாசலில், மையத்து வைத்த சந்தூக்குக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். வாப்பா யாருக்காவது கடன்பட்டிருந்தால் என்னிடம் வாருங்கள், அதை நான் பொறுப்பெடுக்கிறேன், யாருடைய மனசையாவது நோகடித்திருந்தால் மன்னியுங்கள் என்றேன். யாரும் வரவில்லை. அவர் யாரிடமும் எதுவும் வாங்கியவரில்லை.

மெசின் பழுது என்று வாப்பாவுக்குச் சொன்னதைத்தான், மௌத்துச் செய்தி கேட்டு வந்த பஸ்மிலாவுக்கும் சொன்னேன். அவள் மையத்து வீட்டில் பொம்பிளைகளுக்குச் சொன்னாள். கபுறடியிலிருந்து நாங்கள் திரும்புவதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. ஒரு மெசின் இல்லாமல் ஸைனுலாப்தீன் மௌத்து. ஆஸ்பத்திரியில் மெசின் ஓடியதாகத்தான் யாரோ சொன்னதாம். அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள் என்று சனம் அதை விட்டுவிட்டது. ஏழாம் நாள் நீங்கள் வீட்டுக்கு வந்தீர்கள், சேர். இனி ஒரு வாப்பாவும் இப்படிப் போகக்கூடாது என்றீர்கள். உங்கள் கண் கலங்கியிருந்தது. அந்த நேரம் நான் வாயைத் திறந்திருக்கலாம்.

நடப்போம், அதைச் சொல்லி ஒரு மெசினுக்குக் காசு சேர்ப்போம் என்றது நீங்கள். மூட்டையோடு நடப்பேன் என்றது நான். அதற்கு என்னை யாரும் கேட்கவில்லை. கடைசிச் சனிக்கிழமை வாப்பாவின் நிறை கிளினிக் கொப்பியில் இருந்தது, நாற்பத்திரண்டு கிலோ. மில்லில் அவ்வளவுக்கு அரிசி நிறுத்து, வாயைத் தைத்து, முதுகில் ஏற்றினேன். 'வாப்பாவைச் சுமக்கும் மகன்' என்று நீங்கள் பதாகை அடித்தீர்கள்.

இரண்டு வருசம், இரண்டு நடை. அக்கரைப்பற்றில் தொடங்கி முதல் நாள் நிந்தவூர், அடுத்த நாள் கல்முனை. என்னோடு மூட்டை தூக்கும் றஊப் பக்கத்தில் வந்துகொண்டே இருந்தான். "டேய், மில்லில இந்த வேகம் காட்டியிருந்தா முதலாளி உனக்குப் பொண்ணே தந்திருப்பான்" என்பான். சனம் சிரிக்கும். பிறகு மூட்டையைப் பார்த்து அழும். தகப்பனை இழந்தவர்கள் வந்து மூட்டையைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அவர்களை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை.

ஒவ்வொரு சந்தியிலும் இளநீர் வெட்டி வைத்திருந்தார்கள். அட்டாளைச்சேனையில், பாலமுனையில், ஒலுவிலில். எல்லாவற்றையும் குடித்தேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்லவேண்டிவரும். பாலமுனையில் ஒரு மீன் வியாபாரி மூன்றாவது காயைச் சீவும்போது போதும் என்றேன். "போதுமெண்டு சொல்றவருக்குத்தான் இன்னொண்டு குடுக்கணும்" என்று சிரித்துக்கொண்டு என் வாயோடு பிடித்தார். அங்கேதான் ஒரு தரம் என் கால் மடங்கியது. சுமை தாங்காமல் விழப்பார்த்தான் என்று அதைப் படம் பிடித்துப் போட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் வெளிநாட்டிலிருந்து பாதி மெசினுக்குக் காசு வந்தது என்று நீங்களே சொன்னீர்கள்.

போன கிழமை மெசின் லொறியில் வந்தபோது இறக்குவதற்கும் என்னைத்தான் கூப்பிட்டீர்கள். இறக்கி வார்டில் வைத்தோம். மற்றவர்கள் தேத்தண்ணிக்குப் போனபிறகு கனகரெத்தினம் கதவைச் சாத்தினார்.

"முஸ்தாக், அந்தச் செவ்வாய் எல்லா மெசினும் ஓடினது. நாலாம் கட்டில்ல விரிப்பு மாத்திப் பத்தரை மட்டும் உங்கட வாப்பாக்கு வெச்சிருந்தன். ரெண்டு தரம் போன் எடுத்தன்."

"ஓம்," என்றேன்.

"என்ன குடுத்தீங்க?"

"இளநீர்."

"எத்தின?"

"மூண்டு."

அவர் கதிரையில் இருந்துவிட்டார். புது மெசினில் கையை வைத்தார்.

"இதால எட்டுப் பேர் உயிரோட இருப்பாங்க. அதுக்காகத்தான் ரெண்டு வருசம் வாயப் பொத்திக்கொண்டிருந்தன். மெசின் வந்திட்டு. இனி நீங்கதான் கதைக்கணும்."

எட்டுப் பேர். அந்த எண்ணை நானும் முன்னமே போட்டுப் பார்த்திருக்கிறேன். எழுபதை நெருங்கிய ஒரு மனிசன் போனார், எட்டுப் பேர் இருக்கப்போகிறார்கள். நான் பொய் சொல்லாவிட்டால் இந்த மெசின் இல்லை. இதை நினைத்துத்தான் தூங்குவேன். நன்றாகவே தூங்கினேன், சேர். மழை நாளில் தோள் எழுப்பினால்தான் உண்டு.

மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டது ஒரு மிடறு. நான் மூன்று காய் சீவிக்கொண்டுதான் அறைக்குள்ளேயே போனேன். முதலாவது முடிந்ததும் போதும் என்றார். இரண்டாவதை நான் வாயில் பிடித்தேன், எனக்காகக் குடித்தார். மூன்றாவதுக்கு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டார். பிடரியில் கையைக் கொடுத்துத் தலையைச் சரித்தேன். என் முகத்தைப் பார்த்தார். பிறகு அவராகவே வாயைத் திறந்தார். நெஞ்சில் ஒரு சொட்டும் சிந்தாமல் ஊற்றினேன். மெசின் பழுதில்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்கும். இரண்டு தரமும் போன் அடித்தது அவருடைய கட்டிலுக்குப் பக்கத்தில்தான்.

எனக்கு அவர்மேல் ஒரு கோபமும் இருந்ததில்லை. அவரைவிட நல்ல மனிசனை நான் கண்டதுமில்லை. வருகிற சனிக்கிழமை இனி அவரைத் தூக்க எனக்கு ஏலாது என்று நினைத்தேன், அவ்வளவுதான். பிறகு அதே நிறையை அக்கரைப்பற்றிலிருந்து கல்முனை மட்டும் இரண்டு வருசம் தூக்கினேன். ஏலுமாகத்தான் இருந்தது.

மெசினில் பதிக்கிற தகட்டில் வாப்பாவின் பெயர் இருக்கட்டும், அவருக்கு உரியது. அதற்குக் கீழே 'மகன் முஸ்தாக்' என்று போட்டிருப்பதை எடுத்துவிடுங்கள். பொலிசுக்குக் காலையில் நானே போகிறேன். திறப்பு முடியட்டும் என்று சொல்லாதீர்கள். அப்படித்தான் ஒவ்வொன்றாக முடியட்டும் என்று இரண்டு வருசம் போனது. பஸ்மிலாவுக்கு இன்னும் தெரியாது. இங்கிருந்து போய்ச் சொல்லப்போகிறேன்.

பள்ளிவாசலில் நான் எழும்பிக் கேட்டபோது கடன் கேட்டு யாரும் வரவில்லை என்றேன். வரவேண்டியவர் சந்தூக்கில் கிடந்தார். அவருக்கு நான் இன்னும் ஒரு செவ்வாய்க்கிழமை தரவேண்டியிருக்கிறது. வாசலிலிருந்து றோட்டு மட்டும், மணலில், முதுகில்.