கையில் ஒன்று

தயிர்சாதம் போதும் என்று அந்தக் காவலரிடம் சொல்லியிருந்தேன். அவர் பிரியாணி வாங்கி வந்துவிட்டார். பரவாயில்லை, சாப்பிட்டுவிட்டேன். திருவள்ளூர் பிரியாணியில் காரம் கொஞ்சம் குறைவு, என் வயிற்றுக்கு அது நல்லதுதான். இனி நீங்கள் கேள்வி கேட்க வேண்டியதில்லை, ஐயா. நானே முதலிலிருந்து சொல்கிறேன். எழுதுகிறவருக்கு வேகம் அதிகம் என்று தோன்றினால் கையை உயர்த்தட்டும், நிறுத்திக்கொள்கிறேன்.

என் பெயர் சந்திரமோகன். வயது நாற்பத்தேழு, பொன்னேரியில் வீடு. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் பதினாறு வருடமாக மின்னணுச் சுற்றுகளை வடிவமைக்கிறேன். கணக்குப் போடும் சுற்று, அதை நினைவில் வைக்கும் சுற்று, நினைவில் வைத்ததைச் சுருக்கும் சுற்று, இவைதான் என் வேலை. வேகமாகச் செய்வேன் என்று பெயர் உண்டு.

எங்கள் கம்பெனி விற்பது ஒரு கேமராப் பெட்டி. தகடு அடிக்கும் பிரஸ் இயந்திரத்தின் தலைக்குமேல் அதை மாட்டுவார்கள். பிரஸ்ஸின் மேடையில் தகடு மட்டும் இருந்தால் எப்படி இருக்கும் என்று அதன் நினைவில் ஒரு படம் இருக்கும். நொடிக்கு இத்தனை முறை என்று புதுப் படம் எடுத்து, புள்ளி புள்ளியாகப் பழைய படத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசங்களை எல்லாம் கூட்டும். தொகை பெரிதாக இருந்தால் உள்ளே யாருடைய கையோ இருக்கிறது என்று பொருள், பிரஸ் இறங்காது. தொகை சிறிதாக இருந்தால் காலி. பச்சை விளக்கு எரியும், பிரஸ் தானாகவே இறங்கி அடிக்கும். தொழிலாளி பொத்தானை அழுத்த வேண்டியதில்லை. தகட்டை வைத்துக் கையை எடுத்தால் போதும். அதனால்தான் அது விற்றது.

முதலாளி ஆதிநாராயணன் ஒருநாள் என் மேஜைக்கு வந்தார். "இன்னா மோகன், வெளிநாட்டுப் பெட்டி செகண்டுக்கு முந்நூறு படம் பாக்குதாம். நம்மள்து நொண்டிக்கினு கீது. அதே சில்லுலயே முந்நூறு வரணும்பா, பேஜாரு பண்ணாத" என்றார். அவருக்குக் கூட்டல் தெரியும். கூட்டும் சுற்று தெரியாது. அவரை நீங்கள் விட்டுவிடலாம்.

பள்ளிக்கூடத்தில் கூட்டல் சொல்லிக்கொடுத்தது உங்களுக்கு நினைவிருக்கும். எட்டும் ஏழும் பதினைந்து. ஐந்தைப் போட்டுவிட்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். சுற்றும் அப்படித்தான் கூட்டுகிறது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதோடு ஒன்றைக் கூட்டினால், கையில் உள்ள அந்த ஒன்று கடைசி இலக்கம் வரை நடந்துபோக வேண்டும். அது போய்ச் சேரும்வரை விடை சரியாக இருக்காது. ஒரு சுற்று மெதுவாக இருக்கிறதென்றால் அந்த ஒன்றுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலும் அது அவ்வளவு தூரம் நடப்பதில்லை. சில இலக்கங்களிலேயே நின்றுவிடும். ஆகவே பக்கத்தில் உள்ள சில இலக்கங்களை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு அப்பாலிருந்து ஒன்றும் வராது என்று சுற்றை அனுமானிக்க வைக்கலாம். துறையில் எல்லோருக்கும் தெரிந்த வழிதான். ஆனால் கூடவே ஒரு சரிபார்க்கும் சுற்றும் வைப்பார்கள். அனுமானம் தப்பினால் அது கூட்டலை ஒரு கணம் நிறுத்திச் சரியான விடையை வரவழைக்கும். அதையும் சேர்த்தபோது என் பெட்டி நொடிக்கு இருநூற்று நாற்பது படம் பார்த்தது. அதை எடுத்துவிட்டேன். முந்நூற்றுப் பன்னிரண்டு வந்தது. அன்று மாலை வீட்டுக்கு மைசூர்பாகு வாங்கிப்போனேன்.

சோதனைப் பிரிவில் ஜெனிபர் என்றொரு பெண் இருந்தாள். டிப்ளமோ படித்தவள். அப்பா ஜெயராஜ் பக்கத்து இரும்பு உருக்காலையில் வேலை பார்க்கிறார். ரப்பர் கையுறையில் மணலை நிரப்பி, கேமராவுக்குக் கீழே வெவ்வேறு இடங்களில் வைத்து, இரண்டு லட்சம் முறை சோதித்தாள். அவ்வளவு பொறுமையாக வேறு யாரும் செய்ததில்லை. ஒரு புதன்கிழமை என்னிடம் வந்தாள்.

"சார், ஏழு வாட்டி காலின்னு காட்டுது சார். ஆனா கை உள்ளதான் கீது. கைய அசைக்காம அதே எடத்துல வெச்சா திரும்பத் திரும்ப அப்டியேதான் காட்டுது."

அவள் சொன்னது முழுக்கச் சரி. கை அசையாமல் இருந்தால் அடுத்த படத்திலும் அதே புள்ளிகள், அதே கூட்டல், அதே இடத்தில் அந்த ஒன்று தொலையும். மேல் இலக்கத்தில் தொலைந்தால் தொகை சட்டென்று சிறுத்துவிடும். கை இருக்கும்போதே காலி என்று வரும்.

"பார்க்கிறேன்மா" என்றேன். அடுத்த வாரம், சரிபார்க்கும் சுற்றைச் சேர்த்த ஒரு சுற்றுப் பலகையை அவளிடம் கொடுத்தேன். மறுபடி இரண்டு லட்சம் முறை சோதித்தாள். ஒரு தவறும் வரவில்லை. "சூப்பர் சார்" என்று சொல்லிச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டாள். தொழிற்சாலைகளுக்குப் போன நூற்று நாற்பது பெட்டிகளில் இருந்தது அந்தப் பலகை இல்லை. முந்தையது.

அந்த வாரமே இன்னொரு மாற்றமும் செய்தேன். அதுவரை பெட்டி எல்லாப் படங்களையும் சுருக்கி நினைவில் வைத்துக்கொண்டிருந்தது. காலி என்று தீர்மானித்த படங்களை வைக்கத் தேவையில்லை, "காலி" என்ற குறிப்பும் நேரமும் போதும் என்று மாற்றினேன். காலி மேடையை யார் பார்க்கப்போகிறார்கள்? நினைவகத்தில் பத்தில் ஒன்பது பங்கு இடம் மிச்சமானது. முதலாளி கைகுலுக்கினார். அதன்பிறகு பெட்டி தவறு செய்தால், அந்தத் தவறின் படம் எங்கும் இருக்காது. இதை நான் முன்பே யோசித்திருந்தேனா என்று நேற்று கேட்டீர்கள். யோசித்திருந்தேன்.

பெட்டிகள் போன ஐந்தாம் மாதம், அவற்றை மாட்டிய ஒரு தொழிற்சாலையில் கெங்கம்மாளுக்கு நடந்தது. பொன்னேரிப் பக்கத்து ஆரணியிலிருந்து தொழிற்சாலை வேனில் வந்து பிரஸ் ஓட்டும் பெண். வலது கையில் நான்கு விரல்கள் போயின. பொன்னேரி ஆஸ்பத்திரிக்குச் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு போனேன். எங்கள் கம்பெனியில் வேறு யாரும் போகவில்லை. கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எப்படி நடந்தது என்று கேட்டேன்.

"தகடு ஒக்கார மாட்டேன்னிச்சு சார். அப்டியே அழுத்திப் புட்ச்சிக்கினு இருந்தேன். கைய எடுக்கவே இல்ல. பச்ச லைட்டு எரிஞ்சிது. இன்னாடா இது, கை உள்ள கீதேன்னு நெனைக்கிறதுக்குள்ள..."

"கையை அசைத்தீர்களா?"

"இல்ல சார். ஆடாம வெச்சிருந்தேன்."

எவ்வளவு நேரம், எந்த மூலையில், உள்ளங்கை கீழே பார்த்திருந்ததா என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டேன். அவருக்கு என்மேல் மரியாதை வந்துவிட்டது. "நீங்க ஒர்த்தர்தான் சார் ஒயுங்கா கேட்டீங்க" என்று கண் கலங்கினார். எனக்கும் அன்று மனம் நிறைவாகவே இருந்தது. நான் தாளில் போட்டிருந்த கணக்கும் அவர் சொன்னதும் அப்படியே பொருந்தின.

தொழிற்சாலை விசாரணைக்குப் பெட்டியின் பதிவை எடுத்துக் கொடுத்தேன். விபத்து நேரத்தில் "காலி" என்று இருந்தது. பிரஸ் இறங்கத் தொடங்கிய பிறகுதான் கையை உள்ளே விட்டிருக்கிறார் என்று முடிவு செய்தார்கள். கவனக்குறைவு என்று வேலையை விட்டு நிறுத்தினார்கள். அந்த அறையில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பதிவை மட்டும் வாசித்தேன்.

அப்போதே எல்லாப் பெட்டிகளையும் திரும்ப வாங்கிச் சரிபார்க்கும் சுற்றைச் சேர்த்திருக்கலாமே என்பீர்கள். ஒரு வார வேலைதான். ஆனால் இருநூற்று நாற்பதுக்குத் திரும்புவதை என்னால் நினைத்துப்பார்க்க முடியவில்லை.

பிறகு குணா. பெரிய பிரஸ், பகல் ஷிப்ட். சிக்கிய தகட்டை விடுவிக்கத் தோள்வரை உள்ளே விட்டு, பிடிமானம் கிடைக்காமல் ஒரு கணம் அப்படியே நின்றிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. முப்பத்தொரு வயது. விசாரணைக்கு அவர் மனைவி தமிழ்செல்வி வந்திருந்தார். நான் பதிவை வாசித்து முடித்ததும் எழுந்து நின்றார்.

"கை உள்ள இருக்கசொல்ல காலின்னு எப்டி சார் எய்தும்?"

அந்த அறையில் இருந்த இன்ஜினியர்களில் ஒருவருக்கும் தோன்றாத கேள்வி. என்ன படித்திருக்கிறார் என்று விசாரித்தேன். பத்தாவது என்றார்.

ஜெனிபருக்கும் அதே கேள்வி வந்திருக்கிறது. கெங்கம்மாள் அவள் மாமா வீட்டுத் தெரு. அவரைப் போய்ப் பார்த்துவிட்டு, பழுதுக்கு வந்த ஒரு பெட்டியைத் திறந்து, மணல் கையுறையை வைத்துச் சோதித்திருக்கிறாள். மறுநாள் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். அழவில்லை.

"நீங்க என்கிட்ட குட்த்த போர்டு வேற, வெளிய போனது வேற. எங்கையாலயே கையெயுத்து வாங்கிக்கினீங்களே சார். அந்தக்கா வெரல் போச்சே. குணாண்ணன் செத்தே பூட்டாரே. இன்னா பண்ணி வெச்சிக்கிறீங்க?"

"சான்றிதழில் உன் கையெழுத்துத்தான் இருக்கிறது, ஜெனிபர்" என்றேன். அவளைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. அது உண்மை. அவள் அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள். நீங்கள் முதலில் அவளையே இரண்டு நாள் உட்காரவைத்து விசாரித்தீர்கள் என்று கேள்விப்பட்டேன். அந்த இரண்டு நாளும் நான் வேலைக்குப் போனேன். புதிய சுற்று ஒன்று முடியும் தறுவாயில் இருந்தது.

இப்போது நானாகவே ஏன் பேசுகிறேன் என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஜெனிபரைக் காப்பாற்ற என்று எழுதிக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் காரணம், கல்லூரிப் பேராசிரியர் ஒருவர் பெட்டியை ஆராய்ந்து உங்களுக்குக் கொடுத்திருக்கும் அறிக்கை. அதன் நான்காம் பக்கத்தில், சரிபார்க்கும் சுற்று இல்லாததற்குக் காரணம் வடிவமைப்பாளரின் அறியாமை என்று எழுதியிருக்கிறார். என் வக்கீலுக்கு ஒரே சந்தோஷம். அந்த ஒரு சொல் போதும், வெறும் அலட்சியம் என்று வழக்கைச் சுருக்கிவிடலாம், வாயைத் திறக்காமல் இருங்கள் என்றார். மூன்று நாள் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

இதோ என் குறிப்பேடு. ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று கெங்கம்மாள் சொன்னதைக் கணக்கில் சேர்த்து எழுதியிருக்கிறேன், தேதியைப் பாருங்கள். மொத்தப் பெட்டிகள், ஒரு நாளைக்கு எத்தனை அடி, கை அசையாமல் நிற்கும் வாய்ப்பு. கடைசி வரியில், "அடுத்தது எட்டு மாதத்துக்குள்" என்று இருக்கும். குணா இறந்தது அந்தத் தேதியிலிருந்து ஏழாம் மாதம், பதினாறாம் நாள்.

அறியாதவன் இவ்வளவு நெருக்கமாகக் கணித்திருக்க முடியாது என்பதை அந்தப் பேராசிரியரிடம் எடுத்துச் சொல்லுங்கள்.