பெரிய சிலுவையடியில் ஒரு திரி

லீமாரோஸ்: மெழுகுதிரி மூணு போதாது. இன்னொண்ணு எடுங்க.

இன்னாசி: எங்க அய்யாவுக்கு ஒண்ணு, ஆத்தாவுக்கு ஒண்ணு, உங்க அய்யாவுக்கு ஒண்ணு. இந்த வீட்டுல செத்தவங்க அம்புட்டுத்தான். கெளம்பு, கல்லறை மந்திரிக்க கோயில் சாமியாரு வந்துருவாரு.

லீமாரோஸ்: இன்னொண்ணு... பெரிய சிலுவையடியில வைக்க.

இன்னாசி: அங்கன யாருக்கு வைப்பாங்க? கடல்ல போயி பொணம் கெடைக்காதவனுக்கு, குழி இல்லாதவனுக்கு. நமக்கு அப்பிடி யாரு இருக்கா?

லீமாரோஸ்: என் வாயால சொல்லணுமா?

இன்னாசி: சொல்லாத. நம்ம பய யேசுதாஸ் அக்கரையில, தலைமன்னாருல இருக்கான். அங்கன ஏவாரத்துக்குப் போன காதர் மைதீன் கண்ணால பாத்திருக்காரு.

லீமாரோஸ்: அவரு பாத்தது எவனோ ஒருத்தன் முதுகை. நான் நேராவே கேட்டுட்டேன். "யேசுதாஸ்தானே, யேசுதாஸ்தானேன்னு உன் புருசன் கையைப் பிடிச்சுக்கிட்டாரு, நான் என்னம்மா சொல்ல"ங்குறாரு.

இன்னாசி: நீ எதுக்குடி அவர்கிட்டப் போயி...

லீமாரோஸ்: புயலு அடிச்சு வருசம் ஆகப்போகுது, இந்தா, செத்தவங்களுக்குத் திரி வைக்கிற ஆத்துமாக்கள் திருநாளும் வந்துருச்சு. உசுரோட இருந்தா ஒரு கடுதாசி போடமாட்டானா?

இன்னாசி: என் மேல கோவத்துல இருக்கான்.

லீமாரோஸ்: உங்க மேல கோவம், சரி. என் மேல என்ன கோவம்? மீசை மொளச்ச பெறகும் சோத்தைப் பெசஞ்சு குடுத்தாத்தான் திம்பான்.

இன்னாசி: நீ குடுத்த செல்லம்தான் எல்லாம்.

லீமாரோஸ்: ஆமா, நான் குடுத்தது செல்லம். நீங்க குடுத்தது என்னவாம்? சரி, விடுங்க. திரியை எடுங்க.

இன்னாசி: உசுரோட இருக்குறவனுக்குத் திரி கொளுத்துனா அவன் ஆயுசுக்கு ஆகாது.

லீமாரோஸ்: செத்தவனுக்குக் கொளுத்தாம விட்டா? உத்தரிக்கிற ஸ்தலத்துல, பாவம் தீர்ற வரைக்கும் நெருப்புல கெடந்துக்கிட்டு, அம்மா ஒரு திரி வைக்கமாட்டாளா, ஒரு பூசை வைக்கமாட்டாளான்னு பாத்துக்கிட்டு இருப்பானே! மத்த வீட்டுப் பிள்ளைக எல்லாம் வெள்ளாவி வச்ச துணியாட்டம் வெளுத்து மேல போயிருக்கும். நம்ம பய மட்டும் கேக்க நாதி இல்லாம...

இன்னாசி: போதும்.

லீமாரோஸ்: நெருப்பு சுடும்ங்க. அடுப்பு மேட்டுல கை பட்டாலே ஊரைக் கூட்டுவான்...

இன்னாசி: போதும்ங்குறேன்ல! அவன் செத்திருந்தா அந்த நெருப்புக்குப் போயிருக்கமாட்டான், லீமா.

லீமாரோஸ்: பின்ன?

இன்னாசி: இன்னொரு நெருப்பு. நரகம், அணையாதது. அங்கன விழுந்தவனுக்கு நீ எத்தனை திரி வச்சாலும்...

லீமாரோஸ்: நாக்கைக் கடிங்க! பெத்த பிள்ளையைப் போயி!

இன்னாசி: ஞாயித்துக்கெழமை, பூசை மணி அடிக்கிறப்ப, வலையைத் தூக்கிட்டுக் கடலுக்குப் போனானா இல்லையா? கோயில்ல முன்னால நின்னு செபம் சொல்றவன் மகன்! பாம்பன் சனம் அம்புட்டும் என்னைத்தான் திரும்பிப் பாத்துச்சு.

லீமாரோஸ்: கடல்ல மீன்பாடே இல்ல. வீட்டுல அடுப்பு எரியல. அதுக்குத்தான் போனான்.

இன்னாசி: இப்பத் தெரியுது. அப்பத் தெரியலயே... அவன் கழுத்துல கெடந்த உத்தரியத்தை, மாதா படம் தச்ச துணியை, கயிறோட வெடுக்குனு அத்துட்டேன். மாதா உத்தரியம் போட உனக்கு யோக்கியதை இல்ல, சர்வேசுரன் கோவத்துல அழிஞ்சு போன்னேன். அவனும் தனுஷ்கோடியில எவன் வள்ளத்துலயாவது போயிக்கிர்றேன்னு கெளம்பிட்டான். ஒரு வாரம் ஆகல... புயல்ல கடலு அந்த ஊருக்குள்ள வந்துருச்சு.

லீமாரோஸ்: தனுஷ்கோடியில செத்த சனம் அம்புட்டும் ஞாயித்துக்கெழமை வலை போட்டுச்சா? பச்சப்பிள்ளை என்ன வலை போட்டுச்சு? சர்வேசுரன் என்ன, உங்களை மாதிரியா?

இன்னாசி: எனக்கு என்னடி தெரியும்... உத்தரியத்தோட செத்தவன் அந்த அணையாத நெருப்புல விழமாட்டான், மாதா கைவிடமாட்டா. அதைத்தானே சின்னதுலருந்து படிச்சோம்? அதை அத்தது இந்தக் கை. அதான்... அவன் உசுரோட இருந்தே ஆகணும். நீ சிலுவையடியில திரி வச்சா, நானே என் பிள்ளையை அதுல தள்ளிவிட்ட மாதிரி ஆயிரும்.

லீமாரோஸ்: ...ஏங்க.

இன்னாசி: என்ன?

லீமாரோஸ்: அவன் வெறுங்கழுத்தோட போகல.

இன்னாசி: என்னது?

லீமாரோஸ்: அவன் பின்னாடியே ஸ்டேசனுக்கு ஓடுனேன். ரயிலு நின்னுக்கிட்டு இருந்துச்சு. என் கழுத்துல கெடந்ததைக் கழட்டி அவனுக்குப் போட்டேன். வேண்டாம்மா, அய்யா வைவாருன்னான். அய்யாவுக்கு ஏன்டா தெரியணும்னேன்.

இன்னாசி: எங்கிட்ட ஏன்டி சொல்லல...

லீமாரோஸ்: பயந்தான். அப்பறம் புயலு வந்துச்சு. தனுஷ்கோடிக்குத் தேடப் போனீங்க. நம்ம பய அங்கன இல்ல, தப்பிச்சுட்டான்னு சிரிச்ச மூஞ்சியோட வந்து நின்னீங்க. அதுக்கு மேல நான் எதைச் சொல்ல? சந்தோசப்படுங்களேன். செத்திருந்தாலும் மாதா பிடியிலதான் இருக்கான். அழுக்குப் போற நெருப்புதான் அவனுக்கு, ஒருநா வெளிய வந்துருவான்... ஏன் இப்பிடித் தரையில உக்காந்துட்டீங்க?

இன்னாசி: உன்னோடது... அதுக்குக் கயிறு எப்பிடி இருக்கும்?

லீமாரோஸ்: பழைய கயிறு அத்துப்போயி, வலை நூலு கோத்திருந்தேன். ஏன்? ...ஏங்க, எதுக்குக் கேக்குறீங்க?

இன்னாசி: அங்கன மணல்ல குழி வெட்டி ஒவ்வொருத்தரா எறக்குனோம்... ஒரு பையன், நம்ம பய ஒசரம், அவன் கால்சட்டை மாதிரியே. மூஞ்சி ஊதிப்போயி அடையாளம் தெரியல. குனிஞ்சு பாத்தேன். கழுத்துல உத்தரியம் கெடந்துச்சு... வலை நூல்ல. என் மகன் கழுத்துல ஏது உத்தரியம், நான்தான் அத்துட்டேனே, எவன் பெத்த பிள்ளையோன்னு மண்ணைத் தள்ளிட்டு, உங்கிட்டச் சிரிச்சுக்கிட்டு வந்தேன், லீமா.