ஜெஃப்ரிக்கு ஊற்றிய குழம்பு

என் கோழிக் குழம்பைச் சாப்பிட்டவர்கள் இன்னொரு கரண்டி கேட்காமல் எழுந்ததில்லை, சார். பொழிச்சலூரில் எங்கள் சர்ச்சில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், தபீதாள் டீச்சர் கைப்பக்குவம் என்பார்கள்.

ஜெஃப்ரி என் ஒரே தம்பி. அம்மா போனபின் அவனை வளர்த்தது நான்தான். அதற்காகக் கல்யாணமே வேண்டாமென்று இருந்துவிட்டேன். அவன் திருநீர்மலையில் கறி புழங்காத வீட்டுப் பெண் ஜெயஸ்ரீயைக் கட்டிக்கொண்டு தனியாகப் போனான். அதையும் பொறுத்துக்கொண்டேன். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என் ஆட்டுக்கறிக்குத்தானே வருவான்?

போன வருஷம் படப்பையில் மாடு மேய்கிற எங்கள் மனையில் புதர் வெட்டப் போனவனை உண்ணி கடித்தது. அதற்குப் பிறகு ஆட்டுக்கறி தின்றால் உடம்பெல்லாம் தடித்தது. டாக்டரிடம் நானும் கூடப் போனேன். "உண்ணி கடிச்சா சிலருக்கு ஆடு, மாடு ஒத்துக்காதும்மா. கொழுப்புகூட ஆகாது. சாப்பிட்டுச் சில மணி நேரம் கழிச்சுத்தான் காட்டும். உயிருக்கே ஆபத்து" என்றார். கோழி பரவாயில்லையாம். நல்ல கதை. ஜெயஸ்ரீ சொல்லிக்கொடுத்த சாக்கு என்றுதான் நினைத்தேன்.

ஈஸ்டரன்று சோதித்துப் பார்த்தேன். கோழிக் குழம்பில் ஒரு ஸ்பூன் ஆட்டுக் கொழுப்பை உருக்கி விட்டேன். சாயங்காலம் அவன் வீட்டில் அடை தின்றபின் உதடு வீங்கிவிட்டது. சாக்கில்லை, நிஜம்தான். ஆனால் போனில் என்ன சொன்னான் தெரியுமா?

"இவ போட்ட அடை ஒத்துக்கலபோலக்கா. உன் சாப்பாடுதான் எனக்கு சேஃப்."

எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, சார்.

ஜனவரியில் இருவரும் பெங்களூருக்கே குடிபோவதாக இருந்தார்கள். அவள் சமையலை நம்பி அவன் அவ்வளவு தூரம் போகக் கூடாது. கிறிஸ்துமஸ் மதியம் கொழுப்பைக் கரண்டி நிறைய விட்டேன்.

"கோழிதானேக்கா?"

"நம்பலன்னா எலும்பப் பாருடா."

பார்த்தான், சிரித்தான், மறுபடியும் கேட்டு வாங்கினான். சாயங்காலம் அவள் வைத்த உப்புமாவை முடிப்பதற்குள் மூச்சு அடைத்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பல்லாவரம் தாண்டும் முன்பே ஆட்டோவில் உயிர் போய்விட்டது.

அவள் உப்புமாவில் எதையோ கலந்துவிட்டாள் என்று தெருவே பேசுகிறது. நீங்களும் அவளைத்தான் முதலில் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீர்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள்மேல் இரக்கப்பட்டு வந்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். என் தம்பி கடைசியாக ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது என் குழம்பு. அந்தப் பெயரை அவள் உப்புமாவுக்கு விட்டுக்கொடுக்க மாட்டேன்.